உண்டியலில் போட்ட இரும்பு

ஆவணி 8, ஞாயிறு

ஃபிரிட்ஜைத் திறந்தால் சாமிக்கு எடுத்து வைத்த வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இரண்டு இரும்பு வளையம் உட்கார்ந்திருக்கிறது. கிரீஸ் நாற்றம் வேறு.

"எடே வேலாயுதம், இது என்ன கண்றாவி?"

"பேரிங்குக்கா. குளுந்தா சுருங்கும்."

"சுருங்கி?"

"எஞ்சின் பெட்டிய சூடாக்கினா அது விரியும். அப்பம் தட்டாம கொள்ளாம தானா உள்ள எறங்கிரும். நீ தொடாத."

எஞ்சின் பெட்டி எங்கே சூடாகிறது என்று போய்ப் பார்த்தால் என் அடுப்பில், என் அதிரசச் சட்டியில். தீபாவளிக்கும் தெவசத்துக்கும் தவிர நான் வெளியே எடுக்காத சட்டி. என் வாயில் என்னென்ன வந்ததோ எழுத மாட்டேன், கோயில் படம் போட்ட டைரி இது.

என் தம்பிக்கு ஐம்பத்தோரு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் ஸ்டோர்கீப்பர். மற்ற ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள், சாப்பிட்டுத் தூங்குவார்கள். இவன் கார் இல்லாத கார் ஷெட்டில் கிடப்பான். போன தையில் பழைய இரும்புக் கடையிலிருந்து மூன்று உரச்சாக்கு வந்து இறங்கியது. பைக்காம். முப்பது வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன மாடலாம். அதை ஒன்றாகச் சேர்த்து ஆயுத பூஜை அன்றைக்கு ரோட்டில் இறக்க வேண்டுமாம்.

பேரிங் இறங்கிவிட்டது. "அக்கா, வந்து பாரேன்" என்று கூப்பிட்டான். திட்டுவதற்குத்தான் போனேன். சுத்தியலோடு நின்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கண் மேலே செருகி அப்படியே சாய்ந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. வலிப்புக்கு இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்பார்கள். சுற்றிப் பார்த்தேன். அவன் கையில் இருந்ததே இரும்புதான். தலைமாட்டில் இரும்பு, கால்மாட்டில் இரும்பு. தலையை மடியில் வைத்துக்கொண்டு சாஸ்தாவைக் கூப்பிட்டேன். எத்தனை நேரமோ.

தெளிந்ததும் முதலில் வாசலைப் பார்த்தான். கனகு, அவன் பெண்டாட்டி, கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரி."

"கனகுகிட்ட சொல்லாத. அபிகிட்டயும் சொல்லாத. புள்ளைக்கு எடம் வந்துட்டு இருக்கு. வலிப்புக்காரன் மகள்னு பேராயிரும்."

"எடே..."

"சத்தியம் பண்ணுக்கா."

ஷெட்டுச் சுவரில் எங்கள் குலசாமி சாஸ்தா படம் இருக்கிறது. அதன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி என் கையைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினேன்.

வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம், எழுத மாட்டேன் என்று இல்லை. அதனால் சங்கத்தில் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். எட்டாங் கிளாஸ் எழுத்து. கனகு டீச்சர் பார்த்தால் பக்கத்துக்குப் பத்துச் சிவப்பு வட்டம் போடுவாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறேன்.

ஆவணி 9, திங்கள்

ஒன்றுமே நடக்காதவன் போல இட்லி ஆறு சாப்பிட்டான்.

கனகு பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு பிடித்தேன். "அந்த வண்டிய விட்டுரு."

"வெறும் வயித்துல வெயில்ல நின்னேன், மயக்கம். வண்டிக்கும் இதுக்கும் என்ன?"

"நாளைக்கு ரோட்டுல வந்தா?"

"வராது."

"சாமி வந்து சொல்லிச்சோ?"

"நீதான நாள் பூரா கும்பிடுத. கேட்டுச் சொல்லு."

சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் வைத்தேன். எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். சாயந்தரம் வரட்டும் என்று நாள் முழுக்கக் கருவிக்கொண்டு கிடந்தேன். வந்ததும் காபியைக் கொடுத்தேன், சர்க்கரை போடாமல். குடித்துவிட்டான், கவனிக்கவில்லை.

ஆவணி 15, ஞாயிறு

செல்வின் வந்தார். தபால்காரராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் அடுத்த கோயில் எங்கள் ஷெட்தான். அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று உரித்துப்போட்டுக் கிடக்கிறதாம். அவர் பெண்டாட்டி புண்ணியவதி.

பெட்ரோல் டேங்குக்குள் துரு. ஆசிட் ஊற்றலாமா என்று இரண்டு பேரும் பெரிய டாக்டர்கள் போலப் பேசினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "குத்துவிளக்குக்கு ஆசிட்டா ஊத்துவாவ? பழைய புளியக் கரைச்சு ஊத்தி, சல்லியப் போட்டுக் குலுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அக்காவ மெக்கானிக்கா சேத்துக்கிடுவோம்வே" என்றார் செல்வின்.

"சேத்தா ஷெட்ட வெள்ளையடிச்சுக் கோலம் போட்ருவா" என்றான் இவன்.

டேங்கின் ஒரு பக்கத்தை அவன் பிடிக்க, மறு பக்கத்தை நான் பிடித்துக் குலுக்கினேன். கருப்பாக வந்தது, அப்புறம் சிவப்பாக, அப்புறம் தண்ணீராக. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, "தங்கம் மாதிரி இருக்குக்கா" என்றான். அரைக் கிலோ புளி போச்சு. அவன் கையோடு கையாக நின்று நானே அந்த எமனைக் கழுவியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆவணி 20, வெள்ளி

பிரதோஷம். நந்தி காதில் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரியும், அதனால் அது சொன்னதாக ஆகாது.

ஆவணி 22, ஞாயிறு

கடையத்திலிருந்து சம்பந்தம் பேச ஆள் வந்தார்கள். அபி ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்ததே நான்தான். பத்துக்கு எட்டுப் பொருத்தம். மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை, ஒரே பையன், வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிற குடும்பம். இதைவிட என்ன வேண்டும்? அபி என் மடியில் வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அத்தை அத்தை என்று முந்தானையை விடமாட்டாள். இப்போது கோயம்புத்தூரில் வேலை.

வீட்டில் யாருக்கும் சீக்கு உண்டா என்று மாப்பிள்ளையின் அம்மாள் கேட்டார்கள். சும்மா கேட்பதுதான். எங்க வீட்டுலயா, என்றேன். வடை கொடுத்தேன். உளுந்து நல்லாப் பொங்கியிருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

ஆவணி 24, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டது. சாயந்தரம் ஆறு மணி இருக்கும். அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தான். நான் சாஸ்தாவுக்கு விளக்கு வைக்கப் போனேன். விழுந்தபோது நெற்றி சைலன்சரில் பட்டுக் கிழிந்தது. கனகு சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?"

"ஸ்டாண்டு வழுக்கிட்டு" என்றான், நாக்குக் குழற.

"மைனி, நீங்க இங்கனதான நின்னிய?"

நாலு கண்ணும் என்னைப் பார்த்தன. சுவரில் சாஸ்தா கண்ணும்.

"ஸ்டாண்டு வழுக்கிட்டு" என்றேன்.

கனகு காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.  அவன் சீக்கை மறைக்கிற கோபத்தைவிட, என்னைப் பொய் சொல்ல வைத்த கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வலிப்பு வந்தால் வைத்தியம் இருக்கிறது. வீம்பு வந்தால்?

இராச்சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

ஆவணி 27, வெள்ளி

வேலையை முடித்தேன்.

சாஸ்தா படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் ஒன்றைச் சுற்றி வைத்திருந்தான். மூன்று மாதம் அலைந்து கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த சாமான். என் சுண்டுவிரல் நீளம், ஒரு முனை உருண்டை, ஒரு முனை தட்டை. வெள்ளி மாதிரி பாலிஷ். பூட்டுவதற்கு முன்னால் பூஜையில் வைத்திருக்கிறான் என்றால் அதுதான் வண்டிக்கு உயிர்நாடியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் எப்படி ஓடும்?

குப்பையில் போட்டால் தேடி எடுப்பான். கிணற்றில் போட்டால் காந்தம் கட்டி எடுப்பான். மஞ்சள் துணியில் முடிந்து ஒரு ரூபாய் சேர்த்து அம்மன் கோயில் உண்டியலில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்டது. இனி அது அம்மன் சொத்து. ராஜாவானாலும் திருப்பிக் கேட்க முடியாது. நான் சத்தியத்தையும் மீறவில்லை, தம்பியையும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மனைப் பார்த்துச் சிரித்தேன் என்று கூட நினைக்கிறேன்.

இன்றைக்கு நல்ல பசி.

ஆவணி 29, ஞாயிறு

தேடுகிறான். ஷெட்டு மண்ணைக் கூட்டி அள்ளி என் டீ வடிகட்டியால் சலிக்கிறான். கேட்டால், "வேற வாங்கித் தாரேன்" என்கிறான். நூலில் காந்தத்தைக் கட்டி மூலை மூலையாக இழுத்துக்கொண்டு போகிறான். காந்தத்தில் ஆணியும் குண்டூசியும் கனகுவின் பழைய ஊக்கும் வந்தன.

தேடட்டும்.

புரட்டாசி 2, வியாழன்

இன்றைக்கு ஷெட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். காபி கொண்டு போனேன். மடியில் ஒரு தாள். வண்டிச் சாமான் பெயரெல்லாம் வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்க்கிறான், பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி.

"அக்கா, சாமி முன்னாலதான வச்சேன்? நீ பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்?"

"வச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா வைக்கல போல. விழுந்த அன்னைக்குப் பொறவு எனக்குத் தலைக்குள்ள என்னமோ ஆயிட்டுக்கா. வச்சது வைக்காதது தெரியல. சங்கத்துல ஸ்டாக் எண்ணுததக்கூட ரெண்டு மட்டம் எண்ணுதேன்."

"அப்பம் ஆஸ்பத்திரிக்கு வா."

"ஆஸ்பத்திரில தெரிஞ்சுபோயிருமே."

அவன் அழுது நான் பார்த்தது அம்மா இறந்தபோது. இன்றைக்கு அழவில்லை, ஆனால் முகம் அப்படி இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். வெண்டைக்காய் முற்றல், பாதியைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. கடைக்காரனிடம் நாளைக்குச் சண்டை இருக்கிறது.

புரட்டாசி 4, சனி

முதல் சனி. விரதம். பெருமாளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

புரட்டாசி 5, ஞாயிறு

செல்வினுக்கும் இவனுக்கும் சண்டை. நான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டு வாசலில் இருந்தேன்.

இவன் புதிதாக ஒரு சாமான் வைத்திருந்தான். லேத்துப் பட்டறையில் கடைந்ததாம். நான் உண்டியலில் போட்டதன் அச்சு. அதே நீளம், அதே தட்டை முனை.

"இது பச்சை இரும்புவே" என்றார் செல்வின். "காய்ச்சி டெம்பர் ஏத்தல. பிரேக் புடிக்கப் புடிக்க மழுங்கிரும். பொறவு கம்பிய இழுத்தா இது சும்மா சுத்தும், பிரேக் கட்டை விரியாது."

"பின் பிரேக் இருக்குல்லா."

"மணிமுத்தாறு எறக்கத்துல பின் பிரேக்க நம்பிப் போவீரோ? முன் பிரேக்குதான்வே வண்டிய நிறுத்தும்."

"ஆயுத பூஜைக்குப் பத்து நாளுதான் இருக்கு. ஓட்டிப் பாத்துட்டுப் பொறவு நல்லது போடுதேன்."

"நல்லது எங்க கெடைக்கும்? நீருதான் தொலைச்சீரே."

"ஆமா வே. நாந்தான் தொலைச்சேன். என் மூளைய அடகு வச்சுட்டேன். போதுமா?"

செல்வின் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னைத் தாண்டும்போது, "சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பாரு" என்றார்.

அது பிரேக். ஓட வைக்கிற சாமான் இல்லை, நிறுத்துகிற சாமான். வண்டி ஓடக் கூடாது என்று நான் போய் உண்டியலில் போட்டது வண்டியை நிறுத்துகிற சாமான்.

கீரையை இரண்டு தடவை கழுவினேன். மூன்று தடவையோ. அம்மா, தாயே, எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கல்லாக இருந்தாயே.

புரட்டாசி 8, புதன்

உண்டியலைத் திறக்கச் சொல்லி அம்மன் கோயில் ஆபீசுக்குப் போனேன். கொலு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"போட்டது போட்டதுதாம்மா" என்றார் கணக்கர். "தையில அதிகாரி வந்து தொறப்பாவ. அதுக்கு முன்னால அரக்குச் சீல உடைக்க முடியாது. என்ன போட்டீய? தாலியா?"

"பிரேக்கு."

"பிரேக்கா?"

"பைக்குப் பிரேக்கு. உள்ள இருக்க சாமான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தங்கக் கண்ணு, வெள்ளிக் கை பாத்துருக்கேன். பிரேக்கு எதுக்கும்மா வேண்டுதல்?"

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து போனார். நான் அங்கேயே நின்று சத்தம் போட்டேன், என் தம்பி உயிர் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா என்று. என்ன விஷயம் என்று கேட்டார்கள். சொல்ல முடியவில்லை. சத்தியம் பண்ணினவள் ஊரில் சண்டையும் ஒழுங்காகப் போட முடியாது.

புரட்டாசி 12, ஞாயிறு

அபி வந்துவிட்டாள், பூஜை லீவு. பையை வைத்ததும் ஷெட்டுக்குத்தான் ஓடினாள். வண்டி இப்போது வண்டியாகவே இருக்கிறது. டேங்கில் கருநீல பெயின்ட். கிக்கரை மிதித்து ஸ்டார்ட் பண்ணினான். வீடே அதிர்ந்தது, புகை சமையல்கட்டு வரைக்கும் வந்தது. 

"அப்பா, மொத ரவுண்டு நாந்தான் பின்னால உக்காருவேன்."

"ஒனக்குப் பொறவுதான் ஒங்க அம்மை."

"அத்தை, நீங்க?"

"என்னைய ஒரேயடியா சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போச் சொல்லு" என்றேன்.

"ஐயய்ய, அத்தைக்குக் கோவத்தப் பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

மணிமுத்தாறு அணை வரை போகிறார்களாம்.

அவனைத் தனியாகப் பிடித்தேன். "புள்ளைய ஏத்தாத. காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

"இருபது நாளா ஒண்ணும் வரல. சரியாயிட்டு."

"பிரேக்கு?"

"பிரேக்கப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டான். கேட்டுவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். நான் வெங்காயம் எடுக்கப் போனேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

இந்த டைரியைக் கனகு மேசையில் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. வாயால் சொன்னதாக ஆகாது. எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். இப்படி எல்லாம் சாஸ்தாவிடம் வக்கீல் பேச்சுப் பேச நான் யார்? மீறினால் மீறியவளாக நிற்க வேண்டும். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு பிள்ளையைப் பறிகொடுக்க வேண்டும்.

கொண்டைக்கடலை ஊறப்போட்டாயிற்று. பொரி, அவல், வாழையிலை வாங்கியாயிற்று.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் துடைத்து வாழையிலையில் பரப்பிச் சந்தனம் வைத்தான். வண்டிக்கு மாலை. அபி ஜீன்ஸ் போட்டு ஹெல்மெட்டோடு நின்றாள். கனகு போன் வைத்துப் படம் எடுத்தாள். செல்வின் சண்டையை மறந்து வந்திருந்தார், முகத்தில் மட்டும் மறக்கவில்லை. நான் சூடம் காட்டினேன். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தது நான்தான். வைத்துவிட்டு எழுந்தேன், நகரவில்லை.

"தள்ளுக்கா."

அபி ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அபி, எறங்கு."

"என்ன அத்தை?"

"எறங்குட்டி! ஒங்கப்பனுக்கு வலிப்பு வருது. ரெண்டு மட்டம் நான் பாத்தேன். நெத்தி கிழிஞ்சது ஸ்டாண்டு வழுக்கி இல்ல."

வண்டியை நிறுத்தினான். 

"சாஸ்தா மேல சத்தியம் பண்ணிருக்க."

"பண்ணேன். இப்பம் மீறிட்டேன். சாஸ்தா என்கிட்ட வரட்டும், நான் பேசிக்கிடுதேன். ஒன்னைய மாதிரி மோசமாவா பேசிருவாரு?"

"அக்கா..."

"இன்னும் இருக்கு. ஒன் சாமான் தொலையல. நாந்தான் எடுத்து அம்மன் கோயில் உண்டியல்ல போட்டேன். அது போனா வண்டி ஓடாதுன்னு நெனச்சேன். பிரேக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

செல்வின், "ஆண்டவரே" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

வலிப்பைச் சொன்னதற்கு அவன் கத்துவான் என்று நினைத்திருந்தேன். அதற்குக் கத்தவில்லை. இதற்குத்தான் முகம் கோணியது.

"பத்தொம்போது நாளு. எனக்குப் பைத்தியம் புடிக்குன்னு நெனச்சேன் அக்கா. நீ காபி கொண்டாந்து வச்சுட்டுப் பாத்துட்டுப் போன. மண்ணச் சலிச்சேன், பாத்துட்டுப் போன."

"நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா..."

"என் வீட்டுல இருக்காத. போயிரு."

வாழையிலையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து எறிந்தான். என் மேல் இல்லை, சுவரில். சுண்ணாம்பு பெயர்ந்தது.

கனகு போனைக் கீழே வைத்தாள். மகளைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் என்னைக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இன்றைக்கும் உயர்த்தவில்லை.

"புள்ள ஏறி உக்காருத வரைக்கும் வாய மூடிட்டு இருந்தியளே மைனி."

"சத்தியம்..."

"சாஸ்தாவுக்குப் பயந்தியளா, கடையத்துச் சம்பந்தம் போயிரும்னு பயந்தியளா?"

பால் பொங்குகிற வாசம் வந்தது. அடுப்பை அணைக்கப் போனேன்.

புரட்டாசி 16, வியாழன்

விஜயதசமி. யாரும் எதையும் தொடவில்லை. பொரி நமுத்துப்போயிற்று.

புரட்டாசி 20, திங்கள்

பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். கனகுதான் கூட்டிப் போனாள். நானும் கூடப் போனேன், எப்படி வந்தது என்று பார்த்தவள் நான் ஒருத்திதானே. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஸ்கேன் பார்த்தாள். மாத்திரையில் அடங்கும் என்றாள், ஒரு நாளும் விடக்கூடாது. வண்டி ஓட்டக் கூடாது, தான் சொல்கிற வரைக்கும். தனியாக மிஷின் வேலை செய்யக் கூடாது. இரும்பு கொடுத்தீர்களா என்று கேட்டாள். கையில் இருந்தது என்றேன். "இனிமே ஒண்ணும் கையில கொடுக்க வேண்டாம்மா, ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும்" என்றாள். இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்கவும் இல்லை.

வருகிற வழியில் கடையத்தில் நான் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். மோர் கொடுத்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்க மாட்டார்கள் என்று முகத்தில் இருந்தது. எனக்கு அவர்கள் மேல் வந்த கோபம்! சீக்கு வராத வீடு எந்த ஊரில் இருக்கிறது? அப்புறம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நினைத்தேன், ஒரு மாதத்துக்கு முன்னால் எவளாவது இப்படி என் வீட்டு வாசலில் வந்து சொல்லியிருந்தால் நான் மோர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

புரட்டாசி 23, வியாழன்

பெட்டியைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் ஊரில் ஒரு அறை இருக்கிறது, ஓடு சரியில்லை. அபி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள். "அத்தை, நீங்க போனா நான் ஒங்ககூடப் பேசவே மாட்டேன். இருந்தாலும் கொஞ்ச நாள் பேச மாட்டேன். ஆனா போவாதீங்க" என்றாள். என்ன கணக்கு இது?

கனகு பெட்டியைப் பார்த்தாள். "போறதுன்னா மாத்திரை நேரத்த எழுதி வச்சுட்டுப் போங்க. நான் எட்டு மணிக்கே கெளம்பிருவேன்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். காலை எட்டரை, இராத்திரி எட்டரை. சாப்பிட்ட பிறகு. ஏமாற்றுவான், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இதை எல்லாம் எழுதி வைத்தால் யார் பார்த்துச் செய்வது? கோபத்தில் தாளைக் கசக்கிப் போட்டேன். பெட்டி கட்டினபடியே இருக்கிறது.

புரட்டாசி 29, புதன்

வண்டியைப் பிரிக்கிறான். நேற்றிலிருந்து, சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டு. வைராக்கியம் பிடித்தவன் மாதிரி ஒவ்வொரு நட்டாகக் கழற்றுகிறான். மாலை காய்ந்து இன்னும் அதில் தொங்குகிறது. தனியாக விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கனகு வரும் வரைக்கும் வேறு ஆள் கிடையாது. பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஷெட்டு வாசலில் உட்கார்ந்தேன், சுந்தரகாண்டத்தை எடுத்துக்கொண்டு. அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. பதினாலு நாளாக இந்த வீட்டில் அப்படித்தான். என்னைப் போகச் சொன்ன வாய் அது. நான் மறக்க மாட்டேன். அவனும் மறக்க மாட்டான், அவன் இடத்தில் நான் இருந்தாலும் மறக்க மாட்டேன்.

அரை மணி போயிருக்கும். ஒரு நட்டு மக்கர் பண்ணியது. ஒரு கையால் எதையோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், மறு கை தரையில் துழாவியது.

"பதினாலு எடு."

யாரிடம் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். ஷெட்டில் நானும் சாஸ்தாவும்தான். ஸ்பேனர் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இது பன்னெண்டு."

"எழுத்துத் தெரியல. கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்."

எழுந்துவிட்டேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"வேண்டாம்."

திரும்பினேன். அவன் தலையைத் தூக்கவில்லை. வண்டியைப் பார்த்துத்தான் பேசினான்.

"நானே எடுத்துக்கிடுதேன். நீ அங்கன போவாத. இங்கயே இரி."

எப்படிச் சொன்னான் தெரியுமா? சண்டைக்காரன் சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் நட்டு விழுந்து உருண்டது, அவன் அதை எடுக்கக்கூட இல்லை, நான் உட்காருகிறேனா என்று காதால் பார்த்துக்கொண்டிருந்தான்.

உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அவனுக்கும்தான். கனகு வந்த பிறகும் எட்டு மணி வரை அங்கேயே இருந்தோம். டின் விளிம்பு குத்தி இடுப்பு போச்சு. நாளைக்கு நல்ல ஸ்டூலாக ஒன்று பார்த்துப் போட வேண்டும்.